தாழ்ப்பாள் இல்லாத டூட்டி ரூம்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரே மகள். அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முடித்தவள். மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. எழுத 2024 ஜூனில் சென்னைக்குப் போய் லாட்ஜில் தங்கினோம். விடிந்தால் தேர்வு; ராத்திரி தள்ளிவைத்துவிட்டார்கள். ஆகஸ்டில் எழுதினாள், கேட்ட பிரிவு கிடைக்கவில்லை. அடுத்த வருஷமும் அதே கதை. இப்போது இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர். வெளிநாட்டு டாக்டர்கள் அங்கே பதிவு செய்ய எழுதும் பிளாப் தேர்வை எழுதி இங்கிலாந்து போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். பயிற்சி நிலையத்தில் ‘பாஸ் பண்ணினால் மூணு மாசத்தில் வேலை’ என்கிறார்களாம். ராத்திரி டூட்டி ரூமுக்குத் தாழ்ப்பாள்கூட இல்லை, நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டுப் படுக்கிறேன் என்று ஏதேதோ காரணம் சொல்கிறாள். ‘ஊர் வரிப்பணத்தில் படித்துவிட்டு வெள்ளைக்காரனுக்கு ஊழியம் பண்ணப் போகிறாயா’ என்று கேட்டுவிட்டேன். இரண்டு வாரமாக முகம் கொடுத்துப் பேசவில்லை. டாக்டர்கள் ஏன் இப்படி ஓடுகிறார்கள்? பணம்தானா? நீங்களும் இங்கிலாந்து போய்த் திரும்பிய டாக்டர் என்பதால் கேட்கிறேன். வீட்டின் பேரில் எட்டு லட்சம் கடன் வாங்கி அனுப்பலாமா, தடுத்து நிறுத்துவதா? புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள வரன் ஒன்றும் வந்திருக்கிறது. கட்டிக்கொடுத்தால் பிரான்சில் டாக்டராக வேலை பார்க்க முடியுமா?

பதில்: ஐயா, வணக்கம். கடன், வரிப்பணம், பிரான்ஸ் எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன் உங்கள் கடிதத்தில் ‘ஏதேதோ காரணம்’ என்று நீங்கள் தள்ளிவிட்ட அந்தத் தாழ்ப்பாள். 2024 ஆகஸ்டில் கொல்கத்தா அரசு மருத்துவமனையின் கருத்தரங்க அறையில், நீண்ட நேரப் பணிக்கு நடுவே தூங்கப் போன பெண் டாக்டருக்கு என்ன நடந்தது என்று நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். உங்கள் மகளும் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகும் நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டு அதே அறையில் படுக்கிறார். டாக்டர்கள் ஏன் போகிறார்கள் என்று என்னைக் கேட்கிறீர்கள். பாதிப் பதிலை அவரே உங்களிடம் சொல்லியிருக்கிறார்.

மீதிப் பாதியைச் சொல்ல, டூட்டி டாக்டர் என்றால் என்ன வேலை என்று விளக்க வேண்டும். வெளியே இருப்பவர்களுக்கு டாக்டர் என்றால் எல்லாரும் ஒன்றுதான். ராத்திரி எட்டு மணிக்கு உள்ளே போனால் கேஷுவாலிட்டி, ஐ.சி.யூ., வார்டு மூன்றும் அவர் தலையில். நெஞ்சுவலி என்று ஒருவர் வந்தால் ஈ.சி.ஜி. எடுத்து வாட்ஸப்பில் சீஃபுக்கு அனுப்புவார். சீஃப் சொல்கிற மருந்தைக் கேஸ் ஷீட்டில் எழுதுவார். மருந்து ஏற்ற நரம்பில் வென்ஃப்ளான் ஊசி போடுவார். ‘பெரிய டாக்டர் எப்ப வருவார்?’ என்று நோயாளியோடு வந்தவர்கள் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்பார்கள், பதில் சொல்வார். நோயாளி பிழைத்தால் பேர் பெரிய டாக்டருக்கு. ஏதாவது ஆகிவிட்டால் பிடிக்கிற சட்டைக் காலர் சின்ன டாக்டருடையது. தமிழ்நாட்டில் மருத்துவமனைகளைத் தாக்குவதைத் தடுக்க 2008லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, கைது உண்டு, சிறை உண்டு. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குச் சட்டம் வாசலில் நிற்பதில்லை. 2024 நவம்பரில் சென்னை கிண்டியில், அரசுப் பன்னோக்கு மருத்துவமனைக்குள் பட்டப்பகலில் ஒரு புற்றுநோய் மருத்துவரைக் கத்தியால் குத்தினார்கள்.

இதையெல்லாம்கூடச் சகித்துக்கொள்வார்கள். நாங்களும் சகித்தோம். சகிக்க முடியாதது வேறு: இந்த வேலையில் மூன்று வருஷம் இருந்தாலும் மூன்றாவது வருஷக் கடைசியில் அவர் அதே டூட்டி டாக்டர்தான். யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தருவதில்லை. ஏணியில் முதல் படி எம்.பி.பி.எஸ்., அதற்கடுத்த படி பி.ஜி.; நடுவில் படியே கிடையாது. தாவ வேண்டும், அல்லது கீழேயே நிற்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள், நீங்கள் கணக்குப் பார்த்தே ஓய்வு பெற்றவர். 2014ல் இந்தியாவில் எம்.பி.பி.எஸ். இடம் 51 ஆயிரத்துச் சொச்சம். பத்து வருஷத்தில் அது ஒரு லட்சத்து 12 ஆயிரத்தைத் தொட்டுவிட்டது. பி.ஜி. இடமும் 31 ஆயிரத்திலிருந்து 72 ஆயிரத்துக்கு வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தேர்வு எழுதுகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் 2 லட்சத்துக்கு மேல். போன வருஷம் கிடைக்காதவர், முந்தின வருஷம் கிடைக்காதவர் எல்லாரும் அதே வரிசையில் நிற்கிறார்கள். அந்த 72 ஆயிரத்திலும் அனாட்டமி, ஃபிஸியாலஜி போன்ற, நோயாளியையே பார்க்காத பிரிவுகள் உண்டு. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் ரேடியாலஜி, தோல் மருத்துவம் படித்து முடிக்கக் கட்டணம் மட்டும் கோடியைத் தாண்டும். இவ்வளவு போட்டிக்கு நடுவில் 2023ல் ஒரு வேடிக்கை நடந்தது. இடங்கள் நிரம்பவில்லை என்று பி.ஜி. கட் ஆஃப் பெர்சன்டைலைப் பூஜ்யத்துக்கு இறக்கினார்கள். ஒருபக்கம் இடமில்லை என்று பிள்ளைகள் அழ, இன்னொருபக்கம் ஆளில்லை என்று இடங்கள் காலி. ‘கேட்ட பிரிவு கிடைக்கவில்லை’ என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது, மகள் அடம்பிடிக்கிறாள் என்ற தொனி தெரிந்தது. கிடைத்த பிரிவில் நாற்பது வருஷம் குப்பைகொட்ட வேண்டியவர் அவர். அடம்பிடிக்கட்டும்.

பணமா என்று கேட்டீர்கள். பணமும்தான். இங்கிருந்து போகிறவர் பெரும்பாலும் சேருகிற நிலையில் பிரிட்டனில் அடிப்படைச் சம்பளம், 2025 கணக்குப்படி, ஆண்டுக்குச் சுமார் 44 ஆயிரம் பவுண்ட். அதை உடனே ரூபாயால் பெருக்காதீர்கள். எல்லா அப்பாக்களும் செய்கிற தப்பு. வரி, வாடகை, குளிர்காலத்தில் ஹீட்டருக்கு ஆகிற பில் எல்லாம் பவுண்டில்தான் போகும். அந்தச் சம்பளம் போதவில்லை என்று பிரிட்டன் டாக்டர்களே 2023 மார்ச்சிலிருந்து அவ்வப்போது வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள். அவர்களில் ஒரு கூட்டம் ஆஸ்திரேலியாவுக்குப் போகிறது. நம் பிள்ளை லண்டன் போக, லண்டன் பிள்ளை சிட்னி போகிறது. வளர்ந்த நாடுகளில் வேலை பார்க்கும் வெளிநாட்டில் பிறந்த டாக்டர்களில் இந்தியாவில் பிறந்தவர்கள்தான் முதலிடம். அதற்குப் பணத்தை மட்டும் காரணம் சொன்னால், நல்ல பிராக்டீஸை விட்டுவிட்டுப் போனவர்களைப் பற்றி என்ன சொல்வது?

நான் போனது 2005ல். அப்போது பிளாப் இரண்டாம் பகுதி லண்டனில் நடக்கும். நோயாளியாக நடிகர்களை உட்காரவைத்திருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிஷம். இப்போது மான்செஸ்டரில் நடக்கிறது, பதினாறு பேர், ஆளுக்கு எட்டு நிமிஷம். ஈஸ்ட் ஹாமில் ஒரு வீட்டு மாடியில் நாங்கள் ஆறு பேர். சமையலறையில்தான் ஒத்திகை. குக்கர் விசில் வரும்வரை ஒருவர் நோயாளி, ஒருவர் டாக்டர். ஒருநாள் நெல்லூர்க்காரர் ஒருவர் கையில் கரண்டியோடு ஸ்டூலில் உட்கார்ந்து, வலிப்பு வந்த குழந்தையின் தாயாக நடித்தார். நான் நம்மூர் ஓ.பி.யில் சொல்வது மாதிரி ‘ஒண்ணும் ஆகாதும்மா, பயப்படாதீங்க’ என்பதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கரண்டியால் மேஜையைத் தட்டினார். ‘பூஜ்யம். அந்தம்மா எதுக்குப் பயப்படறாங்கன்னு கேட்டியா?’ ஐந்தரை வருஷம் படித்து, ஆயிரக்கணக்கான பேரைப் பார்த்த பிறகும், அந்தக் கேள்வியை என்னை யாரும் கேட்கவைத்ததில்லை. ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிஷம் கிடைக்கிற ஓ.பி.யில் அதைக் கேட்கவும் முடியாது என்பது வேறு விஷயம்.

தேர்வில் தேறினேன். வேலை வரவில்லை. விண்ணப்பம் அனுப்பி அனுப்பி எண்ணிக்கை மறந்துவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் முருகன் கோயிலில் சாப்பாடு. வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் டாக்டர்கள், ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி நிற்போம். 2006 மார்ச்சில் இடி இறங்கியது. வெளிநாட்டு டாக்டர்கள் வொர்க் பர்மிட் இல்லாமலே பயிற்சி வேலையில் சேரலாம் என்றிருந்த விதியை எடுத்துவிட்டதாக அறிவிப்பு, ஏப்ரலிலிருந்து அமல். நகையை விற்று வந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். என்னைப் போல, உயர்திறன் உள்ளவர்களுக்கான ஹெச்.எஸ்.எம்.பி. விசாவுக்கு மாறிக்கொண்டவர்களையும் ஒதுக்கச் சொல்லி அவர்களுடைய சுகாதாரத் துறை மருத்துவமனைகளுக்கு எழுதியது. பாபியோ என்ற இந்திய வம்சாவளி மருத்துவர்கள் சங்கம் வழக்குப் போட்டு, 2008ல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போய் ஜெயித்தது. அதற்குள் திரும்ப வேண்டியவர்கள் திரும்பியாகிவிட்டது.

இந்தப் பழங்கதை எதற்கென்றால், அதே படம் இப்போது மறுபடி ஓடுகிறது. அந்த நாட்டுக்கு ஆள் வேண்டும்போது கதவைத் திறப்பார்கள்; போதும் என்று தோன்றியதும் சாத்துவார்கள். 1975 வரை இந்திய எம்.பி.பி.எஸ். அங்கே நேரடியாகவே செல்லுபடியானது. அந்த வருஷம் அதை நிறுத்தினார்கள், பிளாப்புக்கு முன்னோடியான தேர்வு அப்போது பிறந்ததுதான். 2006ல் ஒருமுறை சாத்தினார்கள். 2019ல் டாக்டர் வேலையைப் பற்றாக்குறைப் பட்டியலில் சேர்த்து அகலத் திறந்தார்கள். கூட்டம் கூடியது. 2025ல் சிறப்பு மருத்துவர் ஆவதற்கான பத்தாயிரம் சொச்சம் பயிற்சி இடங்களுக்கு முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் போட்டி. அந்த ஜூலையில் வெளியிட்ட பத்தாண்டுத் திட்டத்தில் பிரிட்டனில் படித்தவர்களுக்கே முன்னுரிமை என்று அரசு சொல்லிவிட்டது. பிளாப் தேறி ஒரு வருஷத்துக்கு மேல் வேலையில்லாமல் இருக்கிற பிள்ளைகள் என்னிடம் பேசுகிறார்கள். ‘மூணு மாசத்தில் வேலை’ என்று சொல்கிற பயிற்சி நிலையத்திடம், போன வருஷம் தேறியவர்களில் பத்துப் பேருடைய போன் நம்பரைக் கேட்கச் சொல்லுங்கள். பேசிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அதனால் வீட்டை அடமானம் வைக்க வேண்டாம். இதைப் பட்டென்று சொல்லிவிடுகிறேன். அதே நேரம் தடுக்கவும் வேண்டாம். ஆங்கிலத் தேர்வு, பிளாப் முதல் பகுதி இரண்டையும் சென்னையிலேயே எழுதலாம். டூட்டி டாக்டர் சம்பளத்திலேயே அவர் கட்டிவிடுவார், கட்டட்டும். பெரிய செலவு இரண்டாம் பகுதியில்தான்: கட்டணமே சுமார் ஆயிரம் பவுண்ட், விசா, டிக்கெட், தங்குமிடம், பதிவு. எல்லாம் சேர்த்து ஐந்து லட்சத்துக்குக் குறையாது என்று வைத்துக்கொள்ளுங்கள், வேலை கிடைக்கும்வரை அங்கே காத்திருக்கிற செலவு தனி. அங்கே போய் உட்கார்ந்து தேடுவதை விட, தேர்வு முடிந்ததும் ஊர் திரும்பி, இங்கே வேலையில் இருந்தபடியே விண்ணப்பிப்பது மேல். வேலையில் இடைவெளி விழுந்த பயோடேட்டாவை அவர்கள் ஒதுக்கிவிடுவார்கள். இன்னொன்று, தேதி. முதல் பகுதி தேறினால் இரண்டு வருஷத்துக்குள் இரண்டாம் பகுதி தேற வேண்டும். அது தேறினால் இரண்டு வருஷத்துக்குள் பதிவு முடிந்திருக்க வேண்டும். ஆங்கில மதிப்பெண்ணுக்கும் காலக்கெடு உண்டு. அவசரப்பட்டு எழுதினால் ஒன்று முடியும்போது மற்றொன்று காலாவதியாகும். இதைக் காலண்டரில் குறித்து வைக்கிற வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். ஃபிக்ஸட் டெபாசிட் முதிர்வுத் தேதி பார்த்துப் பழகிய கண், உங்களுக்குத் தப்பாது.

மகளிடம் நான் சொல்ல விரும்புவது ஒன்று, நான் செய்த தப்பு. எனக்குக் கிடைத்தது வேல்ஸில் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில், பயிற்சிக் கணக்கில் சேராத வேலை. நல்ல இடம். முதல் நாளே பேஜர் எங்கே, அவசரத்தில் யாரைக் கூப்பிட வேண்டும், எங்கே படுக்கலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தார்கள். ராத்திரி டூட்டி ஏழு நாள் முடிந்தால் அடுத்து ஓய்வு, யாரும் போன் செய்ய மாட்டார்கள். காலை ரவுண்ட்ஸில் கன்சல்டன்ட் திரும்பி, ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று கேட்டபோது, என்னையா கேட்கிறார் என்று நான் பின்னால் பார்த்தேன். அந்தச் சுகத்தில் எம்.ஆர்.சி.பி. என்ற பொது மருத்துவ மேற்படிப்புத் தேர்வை முடித்துவிட்டு, முறையான பயிற்சி இடத்துக்குப் போராடாமல் வருஷங்களை ஓட்டிவிட்டேன். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்ததை ஒரு வாரம் கழித்துப் போனில் சொன்னார்கள். அதற்கடுத்த வருஷம், 2014ல், திரும்பினேன். இங்கே வந்த பிறகுதான் உறைத்தது. பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்து நாட்டு முழுமையான சிறப்புப் பட்டத்தை இந்தியா 2008லிருந்து ஏற்கிறது. ஆனால் பரீட்சை மட்டும் எழுதிய எம்.ஆர்.சி.பி. அந்தக் கணக்கில் வராது. பயிற்சியை முழுக்க முடித்த சான்றிதழ் வேண்டும். அது என்னிடம் இல்லை. அதனால் இத்தனை வருஷ அனுபவத்துக்குப் பிறகும் ஒரு மருத்துவக் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகக்கூட நான் சேர முடியாது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் கிளினிக் வைத்திருக்கிறேன், குறையில்லை. உங்கள் மகள் போனால் அந்தக் கடைசிச் சான்றிதழ் வரை போக வேண்டும். பாதியில் திரும்புவதென்றால் போகாமலே இருக்கலாம்.

போகாமலே இருந்தால்? தமிழ்நாட்டில் பிறந்தவருக்கு ஒரு வழி உண்டு, பிள்ளைகள் அதை ஏனோ மட்டமாக நினைக்கிறார்கள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எம்.ஆர்.பி. என்போமே, அது உதவி மருத்துவர் பணிக்குத் தேர்வு நடத்துகிறது. தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் பெரும்பாலும் போடுவார்கள். ஆனால் மாநில அரசுக் கல்லூரி பி.ஜி. இடங்களில், மத்தியத் தொகுப்பு போக மீதியில் பாதி, அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்கு என்று இருக்கிறது. நடுவில் அது நின்றுபோய், 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மாநிலத்துக்கு அந்த உரிமை உண்டு என்று சொன்னதால் மீண்டும் வந்தது. குறிஞ்சிப்பாடிப் பக்கமோ காட்டுமன்னார்கோயில் பக்கமோ சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, சம்பளத்தோடு எம்.டி. படித்தவர்களை எனக்குத் தெரியும். எம்.ஆர்.பி. அறிவிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, சம்பள உயர்வுக்கு 2009ல் போட்ட அரசாணை 354-ஐ முழுசாக நிறைவேற்றச் சொல்லி 2019ல் அரசு டாக்டர்கள் வேலைநிறுத்தமே செய்ய வேண்டியிருந்தது, இதையும் மறைக்கவில்லை. இருந்தாலும் பிளாப் புத்தகத்தோடு அந்தப் புத்தகமும் மேஜையில் இருக்கட்டும். மருத்துவமனையிலேயே படிக்கிற, பி.ஜி.க்குச் சமமான டி.என்.பி.யும் ஒரு வழி. பெரிய கல்லூரியில்தான் படிப்பேன் என்ற எண்ணத்தை விட்டால், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலேயே இடம் இருக்கிறது.

வரிப்பணம். நியாயமான கேள்விதான், என் மனசையும் அது இன்னும் அறுக்கிறது. நானும் அரசுக் கல்லூரிதான். ஆனால் உங்கள் மகள் போவதால் கடலூர் ஆஸ்பத்திரியில் ஒரு நாற்காலி காலியாகிறது என்று நினைக்காதீர்கள். அந்த நாற்காலியை அவருக்கு யாரும் இன்னும் போடவே இல்லை. ஆயிரம் பேருக்கு ஒரு டாக்டர் என்ற கணக்கைத் தமிழ்நாடு எப்போதோ தாண்டிவிட்டது. அப்படியும் உங்கள் ஊரில் தலையில் அடிபட்டவரை ‘ஜிப்மர் கொண்டு போயிடுங்க’ என்று ஆம்புலன்ஸில் ஏற்றுகிறார்கள். விடிகாலைப் பஸ்ஸில் கடலூர்க்காரர்கள் எக்ஸ்ரே கவரோடு, ஜிப்மர் இருக்கிற கோரிமேட்டுக்கு வருகிறார்கள். டாக்டர் எண்ணிக்கை ஒரு பக்கம் ஏறுகிறது, வேலையிடம் இன்னொரு பக்கம் நிற்கிறது. கதவைப் பூட்டியும் பார்த்தாகிவிட்டது. அமெரிக்காவில் படித்தவர்கள் அங்கேயே தங்கத் தேவையான ‘திரும்ப வேண்டியதில்லை’ என்ற சான்றிதழை டாக்டர்களுக்குத் தருவதில்லை என்று 2011ல் மத்திய அரசு முடிவெடுத்தது. போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை நீங்கள் மகளிடம் கேட்ட இடம் தப்பு. ராத்திரி டூட்டி முடித்து வந்த பிள்ளையிடம் கேட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்.

பிரெஞ்சு நேஷனாலிட்டி வரன்: எங்கள் ஊரில் அந்தப் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் தனி மவுசு உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் வியட்நாமின் சைகோனுக்கு வேலைக்குப் போன தாத்தா காலத்துச் சொத்து அது. ஆனால் பாஸ்போர்ட் வேறு, டாக்டர் பட்டம் வேறு. மாப்பிள்ளை பிரெஞ்சுக்காரர் என்பதற்காக உங்கள் மகளின் எம்.பி.பி.எஸ். அங்கே செல்லுபடியாகிவிடாது. பிரெஞ்சு மொழியில் நல்ல தேர்ச்சி வேண்டும், வெளிநாட்டு டாக்டர்களுக்கென்று நடத்தும் போட்டித் தேர்வில் இடம் பிடிக்க வேண்டும், பிறகு மேற்பார்வையில் வேலை பார்த்து அனுமதி வாங்க வேண்டும். பையன் பிடித்திருந்தால் கல்யாணம் செய்யலாம். வேலைக்கான வழி என்று நினைத்துச் செய்யாதீர்கள். அதுவும் அவரைக் கேட்காமல் என்னைக் கேட்டிருக்கிறீர்கள்.

ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் தாழ்ப்பாளைப் பற்றிப் பேச மகள் தயங்கலாம், வேலை போய்விடும் என்ற பயம். அவர் சம்மதித்தால் நீங்கள் போய்ப் பேசுங்கள். தாழ்ப்பாள் போட மாட்டோம் என்று நிர்வாகம் சொன்னால் அந்த வேலையை அன்றே விடச் சொல்லுங்கள். இதற்குள் அந்த அளவுக்காவது உங்களிடம் பேச ஆரம்பித்திருப்பார். நேரில் பார்க்க வேண்டுமென்றால் மாலை ஐந்து மணிக்கு மேல் கிளினிக்குக்கு வரலாம். அவரையும் அழைத்து வாருங்கள். அவர் இல்லாமல் இதைப் பற்றி இன்னொரு தடவை பேச எனக்கு விருப்பமில்லை.